மந்தநிலைக் காலத்தில் பந்தய அணியின் ஸ்பான்சரைக் கணிப்பதும் காப்பதும் எப்படி?

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது, உலக நிதி நெருக்கடி முற்றியது. அதற்குப் பதின்மூன்றாம் நாள், ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் சிங்கப்பூர் வீதிகளில் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. ரெனோ காரில் ஐஎன்ஜி, வில்லியம்ஸ் காரில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, மெக்லாரன் காரில் சான்டாண்டர், பிஎம்டபிள்யூ சாபர் காரில் கிரெடி சுவிஸ் என அன்று ஓடிய கார்களில் வங்கிகளின் பெயர்களே கண்ணில் பட்டன. அடுத்த பதினான்கு மாதங்களுக்குள் ஹோண்டா, பிஎம்டபிள்யூ, டொயோட்டா என மூன்று கார் நிறுவனங்கள் களத்தை விட்டு வெளியேறின. மேலே சொன்ன வங்கிகளில் பெரும்பாலானவை விலகிவிட்டன, அல்லது விலகும் தேதியை அறிவித்துவிட்டன.

சக்கரங்கள் மூடப்படாத ஒற்றை இருக்கைக் கார்களின் பந்தயம், அதாவது ஃபார்முலா ஒன், அமெரிக்காவின் இண்டிகார், அவற்றுக்குக் கீழே உள்ள ஃபார்முலா 2, 3, 4 ஆகிய படிநிலைகள் எல்லாம், நுழைவுச் சீட்டு விற்பனையால் வாழ்பவை அல்ல. மேல்மட்டத்தில் ஒளிபரப்பு வருவாயில் அணிகளுக்கு ஒரு பங்கு கிடைக்கிறது. கீழ்மட்டத்தில் அதுவும் இல்லை, அங்கே ஸ்பான்சரும் ஓட்டுநரின் குடும்பமும்தான் கதி. ஆகவே பொருளாதாரம் சுருங்கும் காலத்தில், எந்த ஸ்பான்சர் நிற்பார், எவர் போவார் என்பதை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்திருப்பது சிறிய அணியை நடத்துபவருக்கும் இளம் ஓட்டுநரின் பெற்றோருக்கும் வண்டியைச் சரிசெய்யத் தெரிந்திருப்பதற்கு நிகரான தேவை. அந்தக் கணிப்பை எப்படிச் செய்வது, கணித்தபின் என்ன செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

யாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். கையில் பணம் இல்லாமல் போவதால்தான் ஸ்பான்சர் விலகுகிறார் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் கணக்கில் பந்தயச் செலவு சிறிய தொகைதான். அந்தச் செலவை வேறொருவர் முன்னிலையில் நியாயப்படுத்த முடியாத நிலை வரும்போதுதான் பெரும்பாலான ஸ்பான்சர்கள் விலகுகிறார்கள். எனவே காரில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராக நீங்கள் எழுத வேண்டிய முதல் கேள்வி இது: இந்த நிறுவனத்தில் இந்தச் செலவுக்குக் கையெழுத்திடுபவர், மந்தநிலையில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்?

ஐஎன்ஜியை எடுத்துக்கொள்வோம். 2008 அக்டோபரில் நெதர்லாந்து அரசு அந்த நிறுவனத்துக்கு 1,000 கோடி யூரோ கொடுத்துக் கைதூக்கி விட்டது. 2009 ஜனவரியில் 7,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக ஐஎன்ஜி அறிவித்தது. அதற்கு அடுத்த மாதமே, ரெனோ அணியுடனான ஒப்பந்தத்தை அந்தப் பருவத்தோடு முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. 2007இல்தான் ரெனோவின் முதன்மை ஸ்பான்சராக நுழைந்து, காரில் தன் ஆரஞ்சு நிறத்தையும் பூசிய நிறுவனம் அது. விளம்பரத்தால் பலன் இல்லை என்று அது சொல்லவில்லை. வரி கட்டுபவரின் பணத்தில் உயிர் பிழைத்த வங்கி, ஊழியரை வீட்டுக்கு அனுப்பிய கையோடு மொனாக்கோ துறைமுகத்தில் விருந்தினரை உபசரிப்பதை எந்த நாடாளுமன்றத்திலும் நியாயப்படுத்த முடியாது, அவ்வளவுதான். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் பிரிட்டன் அரசின் பெரும்பான்மைப் பங்குக்குள் வந்தபின், 2010க்குப் பிறகு வில்லியம்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அதே பிப்ரவரியில் அறிவித்தது.

அதே நெருக்கடியில் இருந்த இன்னொரு வங்கியான சான்டாண்டர் பந்தயத்தை விட்டுப் போகவில்லை. 2010 முதல் ஃபெராரியுடனும் கைகோத்தது. அரசிடம் கையேந்தும் நிலை அதற்கு வரவில்லை, ஆகவே யாரும் அதன் செலவைத் தெருவில் வைத்துக் கேள்வி கேட்கவில்லை. ஃபெர்னாண்டோ அலோன்சோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓட்டுநர் ஃபெராரிக்குப் போனதும் அந்த ஸ்பானிய வங்கிக்கு வசதியாக அமைந்தது. ரெட் புல்லைப் பார்த்தால் இந்த விதி இன்னும் தெளிவாகப் புரியும். அது சிலரின் கையில் உள்ள தனியார் நிறுவனம். பங்குச்சந்தையில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பந்தயமே அதன் விளம்பரத்தின் பெரும்பகுதி. எனவே மந்தநிலையில் அது அசையவில்லை.

ஹோண்டாவின் நிலை நேர்மாறானது. கார் விற்பனை உலகெங்கும் சரிந்தபோது, உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே பந்தய அணியை வைத்திருப்பதை அதனால் பங்குதாரருக்கு விளக்க முடியவில்லை. யென் மதிப்பு ஏறி ஏற்றுமதி வருமானம் அடிவாங்கியது இன்னொரு அடி. 2008 டிசம்பர் 5 அன்று அது விலகலை அறிவித்தது. டொயோட்டா இன்னும் ஓராண்டு தாக்குப்பிடித்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளில் முதல் முறையாக இயக்க நட்டம் வரும் என்று அறிவித்த நிறுவனம், எட்டுப் பருவங்களில் ஒரு பந்தயத்தில்கூட வெல்லாத அணியை எத்தனை நாள் சுமக்கும்? 2009 நவம்பர் 4 அன்று டோக்கியோவில் விலகலை அறிவித்த செய்தியாளர் கூட்டத்தில் அணித் தலைவர் ததாஷி யமாஷினா அழுதுவிட்டார். அந்தக் கண்ணீரைப் பார்க்கும் எவருக்கும், முடிவு எடுத்தவர்களும் அணியை நடத்தியவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பது விளங்கும். அணியோடு நெருக்கமாகப் பழகும் விளம்பரப் பிரிவு மேலாளர் எவ்வளவு ஆர்வமாகப் பேசினாலும், அவருக்கு மேலே யார் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நம்பிக்கை வைக்கக் கூடாது.

பதிவேடு ஒன்று தயாரியுங்கள்

கணிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் தாளில் இறக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பான்சரின் பெயருக்கும் எதிரே ஆண்டுத் தொகை, தவணை தேதிகள், ஒப்பந்தம் முடியும் நாள், எந்த நாணயத்தில் பணம் வருகிறது, நிறுவனம் எந்தத் தொழிலைச் சேர்ந்தது, கையெழுத்திடும் அதிகாரி யார், அவர் யாருக்குக் கீழ் வேலை செய்கிறார் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதி முடித்ததும் தொழில் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரே தொழிலில் இருந்து பாதிக்கு மேல் பணம் வந்தால், உங்களிடம் பத்து ஸ்பான்சர்கள் இருந்தாலும் உண்மையில் ஒரே ஸ்பான்சர்தான் இருக்கிறார்.

இது கோட்பாடு மட்டும் அல்ல. பல பத்தாண்டுகள் புகையிலை நிறுவனங்கள்தான் பந்தய அணிகளுக்குச் சோறு போட்டன. 2005 ஜூலை இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலை விளம்பரத் தடை நடைமுறைக்கு வந்தபோது, அந்த இடத்தை வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் நிரப்பின. மூன்றே ஆண்டுகளில் வங்கிகள் சரிந்தன. 2021, 2022 ஆண்டுகளில் கிரிப்டோ நாணய நிறுவனங்கள் பெரும்பாலான அணிகளின் கார்களில் ஏறின. சந்தை விழுந்ததும் அவற்றில் பல இறங்கிவிட்டன. எஃப்டிஎக்ஸ் நிறுவனம் 2022 நவம்பர் 11 அன்று திவால் மனு கொடுத்தபோது, மெர்சிடிஸ் அணி பிரேசிலில் பந்தய வார இறுதியின் நடுவில் காரிலிருந்தும் ஓட்டுநரின் உடையிலிருந்தும் அந்தப் பெயரை உரித்தெடுக்க வேண்டியிருந்தது. பணம் எங்கே எளிதாகப் புரள்கிறதோ அங்கே எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் போய் நிற்கின்றன. அந்தத் தொழில் சரியும்போது எல்லாரும் ஒன்றாக விழுகிறார்கள். ஆகவே நல்ல காலத்திலேயே, சற்றுக் குறைவாகக் கொடுத்தாலும், உணவுப்பொருள், மருந்து, அன்றாட வீட்டுப் பொருள் போன்ற மந்தநிலையிலும் விற்கும் தொழில்களில் ஓரிருவரைப் பிடித்து வைப்பது அறிவுடைமை.

நாணய நிரல் பலர் கவனிக்காமல் விடுவது. 2008 ஜூலையில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 2 டாலர் கிடைத்தது. 2009 ஜனவரியில் அது 1.40 டாலர் அளவுக்கு இறங்கியது. இங்கிலாந்தில் செலவு செய்து டாலரில் வருவாய் பெற்ற அணிக்கு இது எதிர்பாராத வரம். பவுண்டில் ஸ்பான்சர் பணம் வாங்கி யூரோவில் உதிரிபாகம் வாங்கியவருக்கு இடி. ரூபாயில் ஆதரவு திரட்டி ஐரோப்பியத் தொடர்களில் யூரோவில் கட்டணம் கட்டும் நம்மூர் இளம் ஓட்டுநரின் குடும்பம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மந்தநிலையில் முதலீட்டாளர்கள் பணத்தை வெளியே எடுப்பதால் ரூபாயும் சேர்ந்து இறங்குவது வழக்கம் என்பதால், இவர்களுக்கு ஸ்பான்சர் விலகாமலே பட்ஜெட்டில் ஓட்டை விழும். பருவத்தின் தொடக்கத்திலேயே பெரும்பகுதியை அந்நிய நாணயமாக மாற்றி அணிக்குச் செலுத்திவிடுவது ஒரு வழி. தொகை பெரிதானால் வங்கியிடம் முன்கூட்டிய மாற்று விகித ஒப்பந்தம் கேட்பது இன்னொரு வழி.

தேதி நிரலைப் படிக்கும்போது, பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் விளம்பர பட்ஜெட்டைப் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் முடிவு செய்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடியும் ஜப்பானிய, இந்திய நிறுவனங்களுக்கு இந்தக் கணக்குச் சற்றுத் தள்ளிப்போகும். 2008 டிசம்பர் முதல் 2009 பிப்ரவரி வரை விலகல் அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தது தற்செயல் அல்ல. உங்கள் ஆண்டறிக்கை, பட்ஜெட் கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்னதாகவே ஸ்பான்சரின் மேசையில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் போய் நிற்பவருக்கு அனுதாபம் மட்டுமே மிஞ்சும்.

பணம் நிற்பதற்கு முன்னால் தெரியும் சில அறிகுறிகளும் உண்டு. ஸ்பான்சர் தொகையைத் தவிர, அந்த ஆதரவைப் பயன்படுத்திக்கொள்ள நிறுவனம் தனியாகச் செலவிடும். விருந்தினரை அழைத்து வரும், ஓட்டுநரின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யும், கடைகளில் காட்சிக்கார் வைக்கும். இந்தச் செலவுக்கு ஒப்பந்தக் கட்டாயம் இல்லை என்பதால் முதலில் வெட்டப்படுவது இதுதான். வழக்கமாக இருபது விருந்தினரை அனுப்பும் நிறுவனம் நான்கு பேரை அனுப்பினால், முப்பது நாளில் வந்த தவணை அறுபது நாளாக நீண்டால், உங்களோடு பேசி வந்த மேலாளர் மாற்றப்பட்டு அந்த இடத்தில் கொள்முதல் பிரிவுக்காரர் வந்து உட்கார்ந்தால், அதுவரை யாரும் கேட்காத பார்வையாளர் எண்ணிக்கை விவரங்களைத் திடீரென்று கேட்டால், அடுத்த ஆண்டுக்கான மாற்று ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். இவற்றில் கடைசி அறிகுறியைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்; கேட்பவர் பெரும்பாலும் உங்கள் சார்பில் மேலே வாதாடத்தான் ஆதாரம் தேடுகிறார்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

வாய்ப்பேச்சை நம்பி எதையும் செலவழிக்கக் கூடாது. ஜோர்டன் அணி, வோடஃபோன் நிறுவனம் 2001இல் தன்னோடு வாய்மொழியாக ஒப்பந்தம் செய்துவிட்டு ஃபெராரிக்குப் போய்விட்டது என்று கூறி, 15 கோடி பவுண்டு கேட்டு லண்டனில் வழக்குத் தொடுத்தது. 2003இல் அந்த வழக்கு படுதோல்வியில் முடிந்தது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் அணியின் தலையில் விழுந்தது. ஏற்கெனவே பணமுடையில் இருந்த அணிக்கு அது தாங்கக்கூடிய அடி அல்ல. ஜோர்டன் 2005 தொடக்கத்தில் கைமாறியது.

எழுத்தில் இருந்தாலும் போதாது, பணம் வர வேண்டும். சூப்பர் அகூரி என்ற சிறிய ஜப்பானிய அணி 2007இல் ஒரு ஸ்பான்சரின் பணம் வந்து சேராததால் தள்ளாடி, 2008 மே மாதத்தில் பருவத்தின் நடுவிலேயே கடையைக் கட்டியது. முதல் தவணை வங்கிக்கு வந்து சேராமல் காரில் பெயரை ஒட்டாதீர்கள். பெயர் ஒட்டிய கார் படங்கள் வெளியான அன்றே அந்த நிறுவனத்துக்குப் பாதி பலன் கிடைத்துவிடுகிறது; அதற்குப்பின் உங்களிடம் பேரம் பேசும் பலம் இல்லை. ஆண்டுத் தொகையில் குறைந்தது பாதியைப் பருவம் தொடங்கும் முன்பும், மீதியைச் செலவு நிகழும் மாதங்களுக்கு முன்னதாகவும் பெறும் வகையில் தவணைகளை அமைக்க வேண்டும். புதிய நிறுவனமாக இருந்தால் வங்கி உத்தரவாதம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தவணை தவறினால் எத்தனை நாளில் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்கு விற்கலாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விலகும் பிரிவை எல்லாரும் கடைசியில்தான் படிக்கிறார்கள். முதலில் படிக்க வேண்டியது அதுதான். நிறுவனம் கைமாறினால், அணியின் பெயருக்குக் களங்கம் வந்தால், குறிப்பிட்ட ஓட்டுநர் விலகினால் என ஸ்பான்சருக்குப் பல கதவுகள் திறந்திருக்கும். நல்ல காலத்தில் அந்தக் கதவுகளை யாரும் தொடுவதில்லை. மந்தநிலையில் வெளியேறக் காரணம் தேடிக்கொண்டிருப்பவருக்கு அவை பெரிய வசதி. 2008 சிங்கப்பூர் பந்தயத்தில் தன் ஓட்டுநர் நெல்சன் பிக்கே ஜூனியரை வேண்டுமென்றே சுவரில் மோதச் செய்தது அம்பலமாகி, 2009 செப்டம்பரில் ரெனோ அணி தண்டிக்கப்பட்டதும், பருவ முடிவில் எப்படியும் போகவிருந்த ஐஎன்ஜி உடனடியாக ஒப்பந்தத்தை முறித்தது. முட்டுவா மத்ரிலெனியா என்ற ஸ்பானியக் காப்பீட்டு நிறுவனமும் கூடவே போனது. மந்தநிலை ஆண்டில் அணியின் நடத்தை வழக்கத்தைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் அது அறவுரை மட்டும் அல்ல, கணக்கு வழக்குக்கும் நல்லது.

எவ்வளவு உறுதியான கையெழுத்தும் பெரிய நிறுவனத்தைக் கட்டிப்போடாது என்பதற்கும் சான்று உண்டு. 2012 வரை களத்தில் இருப்பதாக, ஃபார்முலா ஒன் அணிகளையும் நிர்வாகத்தையும் பிணைக்கும் கான்கார்ட் உடன்படிக்கையில் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்ட டொயோட்டா, மூன்று மாதத்தில் வெளியேறியது. ஆகவே ஒப்பந்தத்தின் வேலை ஸ்பான்சரைப் பிடித்து வைப்பது என்று எண்ண வேண்டாம். அவர் போகும்போது உங்களுக்கு எத்தனை மாத மூச்சு விடுகிறார் என்பதைத் தீர்மானிப்பதே அதன் வேலை. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னறிவிப்புக் கொடுத்தது வில்லியம்ஸுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை, பருவம் தொடங்க நான்கு மாதம்கூட இல்லாத நிலையில் தெருவில் நின்ற ஹோண்டா ஊழியர்களோடு ஒப்பிட்டால் தெரியும்.

ஸ்பான்சர் தொகையைக் குறைக்கச் சொன்னால்

பெரும்பாலான ஸ்பான்சர்கள் முதலில் விலகுவதாகச் சொல்வதில்லை, குறைக்கச் சொல்கிறார்கள். இந்தக் கட்டத்தில்தான் பல அணிகள் கோபத்தாலோ பயத்தாலோ காரியத்தைக் கெடுத்துக்கொள்கின்றன. தொகையைக் குறைக்க ஒப்புக்கொண்டால், அதற்கு ஈடாக ஏதாவது ஒன்றைத் திரும்பப் பெறுங்கள்: காரின் பக்கவாட்டிலிருந்து பின்னிறக்கைக்கு இடமாற்றம், அல்லது ஒப்பந்தக் காலம் ஓராண்டு நீட்டிப்பு, அல்லது அதே தொழிலில் இன்னொரு நிறுவனத்தைச் சேர்க்கும் உரிமை. எதையும் திரும்பப் பெறாமல் விலையைக் குறைத்தால், மற்ற ஸ்பான்சர்களும் அடுத்த வாரமே அதே சலுகையோடு வந்து நிற்பார்கள். பந்தயத் திடலில் இரகசியம் தங்காது.

காலியான இடத்தை அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கு விற்பதைவிட வெறுமையாக விடுவது மேல் என்பது என் கருத்து. ஹோண்டா கைவிட்ட அணியை அதன் தலைவர் ராஸ் பிரான் ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்கு வாங்கி, மெர்சிடிஸ் எஞ்சினைப் பொருத்தி, 2009 மார்ச்சில் ஏறக்குறைய முழு வெள்ளையாகக் காரைக் களமிறக்கினார். மெல்பர்னில் முதல் பந்தயத்துக்கு முந்தைய நாள்தான் ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் பெயர் காரில் ஏறியது. அந்தப் பந்தயத்தில் அணியின் ஓட்டுநர்களான ஜென்சன் பட்டனும் ரூபென்ஸ் பாரிசெல்லோவும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள்; முதல் ஏழு பந்தயங்களில் ஆறில் பட்டன் வென்றார். அப்படி வென்றும், அந்த அணியின் கார் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வெள்ளையாகவே ஓடியது என்பதுதான் அந்த மந்தநிலையின் கடுமையைக் காட்டுகிறது. முழு ஆண்டுக்கு ஆள் கிடைக்காத நிலையில் அணி ஒற்றைப் பந்தயங்களாக இடத்தை விற்றது. பிரேசிலில் இட்டைபாவா என்ற அந்நாட்டு பீர் நிறுவனம் ஏறியது அப்படித்தான். சிறிய அணிக்கு இந்த வழி இன்னும் எளிது. ஆண்டு ஒப்பந்தத்துக்குத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும்; ஒரு பந்தயத்துக்கான தொகையை வட்டார மேலாளரே தன் அதிகாரத்தில் கொடுத்துவிட முடியும். பந்தயம் நடக்கும் ஊரின் கட்டுமான நிறுவனம், ஓட்டல், டயர் முகவர் ஆகியோரைப் பருவத்துக்கு முன்பே பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணமாகக் கொடுக்க முடியாதவர் பொருளாகக் கொடுக்கலாம். எண்ணெய், டயர், கணினி, சரக்குப் போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவை எப்படியும் நீங்கள் வாங்க வேண்டியவைதான். ஆனால் பொருளின் விலையைச் சில்லறை விலையில் கணக்கிட அவர்கள் முயல்வார்கள். நீங்கள் கடையில் உண்மையில் கொடுத்துவந்த விலையை மட்டும் கணக்கில் எடுங்கள். தேவையில்லாத பொருளை ஏற்று, அதற்குக் காரில் இடம் கொடுத்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஸ்பான்சர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வியாபாரம் நடக்கச் செய்வது, மந்தநிலையில் எல்லாவற்றையும்விட வலுவான வாதம். உங்கள் எண்ணெய் ஸ்பான்சர் உங்கள் சரக்குப் போக்குவரத்து ஸ்பான்சருக்கு ஆண்டு முழுவதும் டீசல் எண்ணெய் விற்கிறார் என்றால், அந்த விற்பனைக் கணக்கே ஆதரவுத் தொகையை நியாயப்படுத்திவிடும். தொலைக்காட்சியில் பெயர் எத்தனை நொடி தெரிந்தது என்ற கணக்கை நிதி அதிகாரிகள் அவ்வளவாக மதிப்பதில்லை. விருந்தோம்பலையும் இதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஷாம்பெயின் கோப்பையோடு எடுத்த படம் மந்தநிலையில் ஸ்பான்சருக்குச் சங்கடம். பட்டறையில் பொறியாளரோடு வாடிக்கையாளர்கள் பேசும் படத்தைப் பற்றி எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஓட்டுநர்களின் நிலை

அணிக்கு வரும் பாதிப்பு கடைசியில் ஓட்டுநர் இருக்கையில்தான் வந்து முடியும். இண்டிகாரில் 2004 சாம்பியனான டோனி கனான், அவரது ஸ்பான்சரான செவன் லெவன் நிறுவனம் பின்வாங்கியதால் 2010 முடிவில் ஆண்ட்ரெட்டி அணியில் தன் இடத்தை இழந்தார். சேர்ந்த அடுத்த அணி ஸ்பான்சர் கிடைக்காமல் 2011 பருவம் தொடங்கும் முன்பே மூடப்பட்டது. தொடக்கப் பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் கேவி அணியில் இடம் கிடைத்தது. அந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார், 2013இல் அதே அணிக்காக இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்றார். 2005இல் இண்டியானாபோலிஸை வென்ற டான் வெல்டன் 2011இல் முழுநேர இருக்கை இல்லாமல், ஒரே ஒரு பந்தயத்துக்கான ஏற்பாட்டில் வந்து மீண்டும் அதை வென்றார். திறமை இருந்தால் இருக்கை தானாக வரும் என்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் சொல்லலாம்.

நம்மவர் இருவரின் அனுபவமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், 2010இல் ஹிஸ்பானியா அணியில் பாதிப் பருவம் ஓட்டியபின், பண ஆதரவோடு வந்த சகோன் யமமோட்டோவுக்கு இடம் விட வேண்டியிருந்தது. டாடா குழுமத்தின் ஆதரவோடு 2011இல் அதே அணியில் சேர்ந்த கோவை நரேன் கார்த்திகேயனின் இருக்கை, ரெட் புல்லின் ஆதரவு பெற்ற டேனியல் ரிக்கியார்டோவுக்குப் பருவத்தின் நடுவில் கைமாறியது. அக்டோபரில் நடந்த இந்தியப் பந்தயத்துக்குத்தான் அவர் திரும்ப வந்தார். கடைசி வரிசையில் நிற்கும் அணியில், இருக்கைக்குக் கொடுக்கும் பணம் ஓட்டுநரை உள்ளே கொண்டுவரும். அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பவர் வந்தால் அதே வழியில் வெளியேறவும் நேரிடும். இளம் ஓட்டுநரின் குடும்பம் அணியோடு ஒப்பந்தம் போடும்போது, எத்தனை பந்தயங்கள் உறுதி, நடுவில் நீக்கினால் எவ்வளவு பணம் திரும்பும், அணி மூடப்பட்டால் ஏற்கெனவே கட்டிய தொகை என்னவாகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தொடரே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. இந்தியா உட்படப் பல நாடுகளின் பெயரில் அணிகள் ஓடிய ஏ1 கிராண்ட் பிரீ, 2009 அக்டோபரில் சர்ஃபர்ஸ் பாரடைஸில் நடக்கவிருந்த தொடக்கப் பந்தயத்துக்குக் கார்களையே அனுப்ப முடியாமல் அத்துடன் முடிந்துபோனது.

செலவைக் குறைக்கும் முறை

2009இல் ஃபார்முலா ஒன் நிர்வாகம் பருவத்தின் நடுவில் சோதனை ஓட்டத்தைத் தடை செய்தது, ஓட்டுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு எட்டு எஞ்சின் என்று வரம்பு வைத்தது. அணிச் செலவுக்கு 4 கோடி பவுண்டு உச்சவரம்பு வைக்க, உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி முயன்றபோது பெரிய அணிகள் தனித் தொடர் தொடங்குவதாக மிரட்டின. உச்சவரம்பு உண்மையில் வர 2021 ஆயிற்று, முதலில் 17.5 கோடி டாலர் என்று பேசி, கொரோனா நெருக்கடியால் 14.5 கோடியாகக் குறைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில், குறைந்த செலவில் ஓட்டலாம் என்ற நம்பிக்கையில் 2010இல் நுழைந்த மூன்று புதிய அணிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. 2020 கோடையில் முதன்மை ஸ்பான்சரின் ஒப்பந்தம் முறிந்ததை அறிவித்த வில்லியம்ஸ் குடும்பம், ஆகஸ்டில் அணியை அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. மேலிருந்து வரும் விதி மாற்றத்துக்காகக் காத்திருந்தால் சிறிய அணி பிழைக்காது என்பதற்கு இவையே போதும்.

ஆகவே உங்கள் பட்ஜெட்டை மூன்று அடுக்காக எழுதுங்கள். கையில் வந்த பணத்தில் மட்டும் ஓடக்கூடிய பந்தயங்கள் முதல் அடுக்கு. கையெழுத்தான, இன்னும் வராத பணத்தில் ஓடுபவை இரண்டாவது. பேச்சுவார்த்தையில் உள்ளவை மூன்றாவது. ஊழியர் சம்பளத்தை முதல் அடுக்குக்கு வெளியே ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். முதல் அடுக்கு பருவத்தில் பாதியைக்கூடத் தாங்காது என்றால், அந்த ஆண்டு முழுத் தொடரில் நுழையாமல், தேர்ந்தெடுத்த நான்கைந்து பந்தயங்களை ஒழுங்காக ஓடுவது நல்லது. பருவத்தின் நடுவில் பணம் தீர்ந்து பின்வாங்கிய அணியோடு மறு ஆண்டு எந்த ஸ்பான்சரும் பேச உட்கார மாட்டார்.

ஸ்பான்சர் விலகுவது உறுதியானபின் செய்ய வேண்டியவையும் உண்டு. கடைசித் தவணைக்கான பில்லை, பருவம் முடிவதற்கு முன்பே அனுப்புங்கள். கடைசிப் பந்தயம் வரை பெயரைக் காரில் அதே இடத்தில், அதே அளவில் வைத்திருங்கள். உங்களோடு பணியாற்றிய மேலாளரிடம், பட்ஜெட் காரணமாகவே ஒப்பந்தம் முடிகிறது என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அடுத்த நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு முதலில் கேட்கும் தாள் அதுதான். அவர் வேலை மாறிப் போனால், எங்கே போனார் என்பதையும் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.